வாயில வச்சா கரையுது... சரி, யார் வாயில?

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, பார்மசிஸ்ட்டும் இல்ல. பொழப்புக்குப் பொட்டி தட்டுற சாதாரண இன்ஜினியர். இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல மருந்தை மாத்திடாதீங்க, அதுக்கு டாக்டர் இருக்காங்க. பதிவு கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாச்சும் எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மக்களே, முதல்ல ஒரு வரிசை தர்றேன். எல்லாமே அமெரிக்கக் கணக்கு. ஃபிலிம்னு சொன்னதும் தியேட்டர் ஞாபகம் வர்றவங்களுக்கு: இது தபால் தலை சைஸ்ல இருக்குற மெல்லிசான படலம். நாக்குல வச்சா தண்ணி இல்லாம அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துல கரைஞ்சிடும்.

2001: லிஸ்டரின் பாக்கெட்பேக்ஸ். வாய் மணக்குறதுக்கு.
2004: சளி, இருமலுக்கு மெல்லிய ஸ்ட்ரிப். பிரிஸ்கிரிப்ஷன் இல்லாமலே கடையில வாங்குறது.
2010: கீமோ எடுக்குறவங்களோட வாந்திக்கு ஓண்டன்செட்ரான் ஃபிலிம். அதே வருஷம், போதைப் பழக்கத்துல இருந்து மீள்றவங்களுக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சுபாக்ஸோன் ஃபிலிம்.
2018: குழந்தைகளுக்கு வர்ற ஒரு கொடூரமான வலிப்பு வகைக்கு க்ளோபஸாம் ஃபிலிம்.
2019: ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு ரிலுஸோல் ஃபிலிம்.

கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. ஏ.எல்.எஸ்.னா ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்த நோய். உடம்புல இருக்குற தசைகளுக்குக் கட்டளை கொடுக்குற நரம்புகள் ஒவ்வொண்ணா செத்துப்போகும். கை, கால், பேச்சு, அப்புறம் முழுங்குறது. ரிலுஸோல் இந்த நோய்க்கு அனுமதி வாங்கினது 1995-ல். எந்த வடிவத்துல? மாத்திரை. தொண்டையே வேலை செய்யாம போற நோய்க்கு, தொண்டை வழியா முழுங்க வேண்டிய மாத்திரை! அது நாக்குல கரையுற ஃபிலிமா வந்து சேர 24 வருஷம் ஆகியிருக்கு.

வாய் நாத்தத்துக்கு 2001-ல் வந்த தொழில்நுட்பம், முழுங்க முடியாதவனுக்கு 2019-ல் வந்திருக்கு. எனக்கு இந்த வரிசை தலைகீழாத் தெரியுது. ஏன் இப்படின்னு யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

"அட, அது டெக்னிக்கலா கஷ்டம்ப்பா, அதான் லேட்"னு ஒரு பதில் ரெடியா இருக்கும். அது பாதி உண்மை. அந்தப் பாதியை நியாயமா முதல்ல பாத்துடுவோம். ஏன்னா இந்த சமாச்சாரம் நெஜமாவே கஷ்டம், ஒரு இன்ஜினியரா எனக்கு ரொம்பப் பிடிச்ச மாதிரியான கஷ்டம்.

எடை கணக்கு

ஒரு ஃபிலிமோட சைஸ் 2 செ.மீ.க்கு 3 செ.மீ.ன்னு வச்சுக்குங்க. கனம் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. பெருக்கிப் பாத்தா மொத்த கன அளவு 0.06 சி.சி. எடை சுமார் 70 மில்லிகிராம். அவ்வளவுதான் நம்ம பட்ஜெட். அந்த 70-க்குள்ளதான் எல்லாரும் குடித்தனம் நடத்தணும்.

முதல் குடித்தனக்காரர், படலத்தைப் படலமா வச்சிருக்கிற பாலிமர். ஹெச்.பி.எம்.சி.ன்னு ஒரு செல்லுலோஸ் வகை ரொம்பப் பிரபலம். பாக்கெட்பேக்ஸ்ல இருந்தது புல்லுலன். ஒரு பூஞ்சை, மாவுச்சத்தைத் தின்னுட்டு வெளியே விடுற சர்க்கரைச் சங்கிலி அது. ஜப்பான்ல ஹயஷிபாரா கம்பெனி 1976-லயே இதை வியாபார அளவுல தயாரிக்க ஆரம்பிச்சிடுச்சு. பட்ஜெட்ல பாதிக்குப் பக்கத்துல இந்தப் பாலிமருக்கே போயிடும்.

அடுத்து கிளிசரின் மாதிரி ஒரு பிளாஸ்டிசைசர். இது குறைஞ்சா ஃபிலிம் அப்பளமா நொறுங்கும். கூடினா அல்வா மாதிரி விரல்ல ஒட்டும். அப்புறம் இனிப்பு, வாசனை, எச்சில் ஊற கொஞ்சம் சிட்ரிக் அமிலம். இவங்க எல்லாரும் உக்காந்த பிறகு மருந்துக்குக் கிடைக்குற இடம் முப்பது சதவீதம்னு தாராளமா வச்சாலும் 21 மில்லிகிராம்.

இப்போ நம்ம பாராசிட்டமால் 500-ஐ எடுத்துக்குங்க. அதை ஃபிலிமா போடணும்னா 24 ஃபிலிம் வேணும். காய்ச்சல் வந்தவன் ஒரு ஸ்டாம்ப் ஆல்பத்தையே நக்கணும் :-)

அதனால கொஞ்சூண்டு அளவுலயே வேலை செய்யுற மருந்துக்குத்தான் இந்த வடிவம் ஒத்துவரும். ஓண்டன்செட்ரான் 4, 8 மி.கி. அழகா பொருந்தும். ரிலுஸோல் 50 மி.கி. அது எல்லையில நிக்கிற கேஸ். சைஸைக் கூட்டி, மத்ததை எல்லாம் குறைச்சு, ரொம்ப மெனக்கெட்டாத்தான் முடியும். இதை நான் மறுக்கல.

கசப்புக்கு மூடி கிடையாது

மாத்திரைக்குக் கசந்தா ஒரு கோட்டிங் போட்டு மறைச்சிடலாம். தொண்டையைத் தாண்டிட்டா பிரச்சினை இல்ல. ஃபிலிம் முழுக்க முழுக்க நாக்கு மேலயே கரையுது. அதனால கசப்பு மொத்தமும் நாக்குக்குத்தான். நம்ம மருந்துகள்ல பாதிக்கு மேல வேப்பங்கொழுந்துக்கு அண்ணன் தம்பிங்க.

இதுக்கு ஒரு அழகான தந்திரம் இருக்கு. மருந்து மூலக்கூறை ரெசின் துகளோட ஒட்ட வச்சிடுவாங்க. எச்சில்ல அது ஒட்டியே இருக்கும், நாக்குக்குத் தெரியாது. வயித்துக்குப் போனதும் அங்க இருக்குற அமிலம் பிரிச்சு விட்டுடும். சூப்பர்ல? ஆனா ரெசினுக்கும் எடை இருக்கு. ஏற்கெனவே 21 மி.கி.தான் இடம். கசப்பை மறைக்கப் போனா மருந்துக்கு இடமில்ல, மருந்தை ஏத்தப் போனா கசப்பு. மெமரியும் பத்தாம சி.பி.யு.வும் பத்தாம ப்ரோக்ராம் எழுதினவங்களுக்கு இந்த வலி புரியும்.

மொட்டை மாடி ஃபிசிக்ஸ்

இப்போ தயாரிக்குற முறைக்கு வருவோம். அதிகமாப் பயன்படுறது பேஸ்ட் மாதிரி கரைச்சு, மெல்லிசா ஊத்தி, காய வைக்குற முறை. நம்ம வீட்டுல கோடையில கூழ் வத்தல் போடுறதேதான். கூழ் காய்ச்சி, வேட்டித் துணியில ஊத்தி, மொட்டை மாடியில காய வச்சு, உரிச்சு எடுக்குறோம்ல? அங்க துணி, இங்க பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஓடுற பிளாஸ்டிக் தாள். அங்க வெயில், இங்க சூடான காத்து அடிக்குற சுரங்கம்.

ஆனா வத்தல்ல ஒண்ணு தடிப்பா, ஒண்ணு மெல்லிசா இருந்தா யாரும் கேஸ் போட மாட்டாங்க. ஒண்ணுல சீரகம் நாலு, ஒண்ணுல பத்துன்னா சண்டை வராது. மருந்துல அப்படி முடியாது. மேல வெட்டின துண்டுலயும் கீழ வெட்டின துண்டுலயும் மருந்து ஒரே அளவு இருந்தாகணும். காயறதுக்குள்ள மருந்துத் துகள் அடியில தங்கிட்டாலோ, ஒரு பக்கமா ஒதுங்கிட்டாலோ மொத்த ரோலும் குப்பை.

பாட்டிமாருக்குத் தெரிஞ்ச இன்னொரு விஷயம்: வெயில் ஒரேயடியா சுள்ளுனு அடிச்சா வத்தல் மேல ஒரு தோல் கட்டிக்கும், உள்ள ஈரம் மாட்டிக்கும். ஃபிலிம்லயும் அதேதான். மேல இருந்து மட்டும் சூடான காத்தை அடிச்சா மேல்பரப்பு முதல்ல தோல் கட்டும். உள்ள சிக்கின நீராவி தோலைக் கிழிச்சிட்டு வெளியே வரும், மறுபடி தோல் கட்டும், மறுபடி கிழியும். கடைசியில பரப்பு அலை அலையா ஆகி மருந்தும் மேடு பள்ளமாப் பரவிடும்.

இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்குங்க. காய வைக்குற விதம் பின்னால கோர்ட் வரைக்கும் போகப்போகுது.

சரி, இதெல்லாம் தாண்டி ஃபிலிம் ரெடி. அதுக்கு ஈரக்காத்து ஆகாது. சென்னை மாதிரி கடலோர ஊர்ல வெளியில வச்சா கொஞ்ச நேரத்துல பிசுபிசுத்துடும். அதனால ஒவ்வொரு ஃபிலிமுக்கும் தனித்தனியா அலுமினியப் பை. மிட்டாய் வாசனையில மருந்து இருக்குறதால குழந்தை கைக்கு எட்டக்கூடாது, பை சுலபமாக் கிழியக்கூடாது. ஆனா இந்த ஃபிலிமை யாருக்காகச் செய்றோமோ அந்தக் கை நடுங்குற பெரியவருக்கு அது கிழிஞ்சாகணும். ஒரு பைக்குள்ள எத்தனை வாதம் பாருங்க!

ஒரு பொய்யான பெருமை

இடையில ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சிடுறேன். "வேகமா கரையுது, அதனால வேகமா வேலை செய்யும்"னு ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள இருக்கு. விளம்பரங்களும் அதை நாசூக்கா தடவிக் கொடுக்கும். பெரும்பாலான ஃபிலிம்கள்ல நடக்குறது என்னன்னா, மருந்து எச்சில்ல கரையும், எச்சிலை நீங்க முழுங்குவீங்க, அப்புறம் வயிறு, குடல், கல்லீரல்னு மாத்திரை போற அதே ரூட்டுதான். ஓண்டன்செட்ரான் ஃபிலிம் அனுமதி வாங்கினதே, வாயில கரையுற பழைய மாத்திரைக்குச் சமமான அளவு மருந்தை ரத்தத்துல சேக்குதுன்னு காட்டித்தான். சமம்னா சமம். வேகம் இல்ல.

விதிவிலக்கு இருக்கு. நாக்குக்கு அடியிலயோ கன்னத்து உள்பக்கத்துலயோ ஒட்டி, அங்கேயே ரத்தத்துக்குள்ள போற மாதிரி செஞ்ச ஃபிலிம்கள். சுபாக்ஸோன்ல இருக்குற புப்ரினார்ஃபின் அப்படித்தான். அதை முழுங்கினா கல்லீரல் பெரும்பகுதியை வழியிலயே காலி பண்ணிடும். அதனால வாய்லயே உள்ள போயாகணும்.

ஆக, ஃபிலிமோட உண்மையான பெருமை வேகம் இல்ல. முழுங்க முடியாதவங்களுக்கும், துப்பிடுற குழந்தைங்களுக்கும், மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கி வச்சிட்டு அப்புறம் துப்புற மனநோயாளிகளுக்கும் மருந்து நிச்சயமாப் போய்ச் சேருதே, அதுதான் பெருமை. ஃபிலிம் நாக்குல ஒட்டிக்கும், துப்ப முடியாது.

எங்க வீட்டுல இந்தப் பிரச்சினை எனக்கு நல்லாத் தெரியும். அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மாத்திரை தொண்டையில நிக்கும், புரை ஏறும். அத்தை எல்லா மாத்திரையையும் ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வச்சுப் பொடிச்சு, தேன்ல குழைச்சுக் கொடுப்பாங்க. ஊர்ல முக்கால்வாசி வீட்டுல இதானே நடக்குது? ஒருநாள் மருந்துக் கடைக்காரர்தான் சீட்டைப் பாத்துட்டு ரெண்டு மாத்திரையைக் காட்டி, "இதைப் பொடிக்கவே கூடாதும்மா"ன்னார். ஒண்ணு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மெதுவா மெதுவா மருந்தை விடுறதுக்காகச் செஞ்ச மாத்திரை. பொடிச்சா நாள் முழுக்க போகவேண்டியது மொத்தமா ஒரேயடியா போகும். இன்னொண்ணு பான்டோபிரசோல். அது வயித்து அமிலத்துல செத்துப்போற மருந்து. அதான் அமிலத்துல கரையாத கோட்டிங் போட்டிருக்காங்க. பொடிச்சா கோட்டிங்கும் போச்சு, மருந்தும் போச்சு.

அப்பத்தாவோட அஞ்சு மாத்திரையையும் மேல சொன்ன 21 மி.கி. கணக்குல வச்சுப் பாத்தேன். ஆம்லோடிபின் 5 மி.கி., தாராளமா ஃபிலிமாகும். அட்டோர்வாஸ்டாட்டின் 20, இடிச்சுப் பிடிச்சு உக்காரும். ஆஸ்பிரின் 75, இடம் பத்தாது. மெட்ஃபார்மின் 500, நெனச்சே பாக்க வேண்டாம். பான்டோபிரசோல், ஃபிலிமாப் போட்டு எச்சிலோட முழுங்கினா வயித்துல போய் செத்துடும். அஞ்சுல ரெண்டு. வாய் வறண்டு போன வயசானவங்களுக்கு ஃபிலிம் அண்ணத்துல ஒட்டிக்கிட்டு கரையாமலே கிடக்கவும் கூடும். மாய மந்திரம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ரெண்டு கிடைச்சாலும் ரெண்டு புரையேறல் கம்மிதானே?

கஷ்டம்ங்கறது பாதி கதை

இதுவரைக்கும் படிச்சவங்க, "அப்போ நீயே ஒத்துக்குற, கஷ்டம்தான். அதான் லேட்டு"ன்னு சொல்லலாம். இனிமேதான் மீதிப் பாதி.

முதல் சாட்சி: ரிலுஸோலுக்கு ஒரு திரவ மருந்து, சும்மா சிரப் மாதிரி ஊத்திக் கொடுக்குற சஸ்பென்ஷன், அமெரிக்காவில் அனுமதி வாங்கினது எப்போ தெரியுமா? 2018. அதுக்கு 100 மைக்ரான் கணக்கும் வேணாம், சூட்டுச் சுரங்கமும் வேணாம். 1995-லிருந்து 23 வருஷம், முழுங்க முடியாதவனுக்கு ஒரு திரவம்கூட அங்க இல்ல. இதுக்குத் தொழில்நுட்பக் கஷ்டம்னு சொல்ல முடியுமா? ஏ.எல்.எஸ். அரிய நோய். நோயாளிகள் கம்மி. அவ்வளவுதான் விஷயம்னு நான் நெனைக்கிறேன்.

ரெண்டாவது சாட்சி, சுபாக்ஸோன். இது ஒரு த்ரில்லர் கதை.

சுபாக்ஸோன் மாத்திரை 2002-ல் வந்தது. ஹெராயின், வலி மாத்திரை மாதிரியான போதையில சிக்கினவங்களுக்கு உயிர் காக்குற மருந்து, அதுல சந்தேகமே இல்ல. ரெக்கிட் பென்கைசர் கம்பெனிக்கு அதை விக்கிற தனி உரிமை 2009 அக்டோபரோட முடிஞ்சது. அடுத்து விலை குறைஞ்ச ஜெனரிக் மாத்திரைகள் வரணும். 2010 ஆகஸ்ட்ல அதே மருந்து ஃபிலிமா வந்தது. ஃபிலிமுக்குப் புது பேட்டன்ட். 2012 செப்டம்பர்ல, "மாத்திரையைக் குழந்தைங்க தெரியாம எடுத்து சாப்பிட்டுடுறாங்க, அதனால மாத்திரையை நிறுத்துறோம்"னு கம்பெனி அறிவிச்சது. கூடவே எஃப்.டி.ஏ.வுக்கு ஒரு மனு: ஜெனரிக் மாத்திரைகளுக்கும் சில நிபந்தனை போடுங்கன்னு.

நம்ம பாஷையில சொன்னா, போட்டிக்காரன் உன் பழைய வெர்ஷனை மாதிரியே செஞ்சு சல்லிசா விக்கப்போறான்னு தெரிஞ்சதும், "பழைய வெர்ஷன்ல செக்யூரிட்டி ஓட்டை, எல்லாரும் புதுசுக்கு மாறுங்க"ன்னு நீயே அதைக் கடையில இருந்து தூக்குற மாதிரி.

எஃப்.டி.ஏ. 2013 பிப்ரவரியில அந்த மனுவைத் தள்ளுபடி பண்ணிச்சு. மாத்திரை பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டதா ஏத்துக்க முடியாதுன்னு சொல்லி, ஜெனரிக் மாத்திரைகளுக்கும் அனுமதி கொடுத்துச்சு. அதுக்கப்புறம் வழக்கு மேல வழக்கு. 2019-ல் ரெக்கிட் பென்கைசர், தப்பு செஞ்சதா ஒத்துக்காமலே, 140 கோடி டாலர் கட்டி அமெரிக்க அரசோட வழக்கை முடிச்சுக்கிச்சு. 2020-ல், அதுல இருந்து பிரிஞ்சு வந்த இன்டிவியர் கம்பெனியோட துணை நிறுவனம், குழந்தைங்க பாதுகாப்பு விஷயத்துல பொய்யான தகவல் கொடுத்த குற்றத்தை ஒத்துக்கிச்சு. இன்டிவியர் பக்கம் மொத்தம் 60 கோடி டாலர்.

இங்க நியாயமா ஒண்ணு சொல்லணும். ஃபிலிம் மோசமான பொருள் இல்ல. தனித்தனிப் பையில வர்றது குழந்தைங்களுக்கு நெஜமாவே பாதுகாப்புதான், நாக்குக்கு அடியில சீக்கிரம் ஒட்டிக்கிது. பிரச்சினை ஃபிலிம்ல இல்ல. ஃபிலிமை வச்சு மலிவான மாத்திரையோட வழியை அடைக்கப் பாத்ததுதான் பிரச்சினை.

நான் கவனிச்சது இதுதான்: பணம் இருந்த இடத்துல எடைக் கணக்கும், வத்தல் காயுற ஃபிசிக்ஸும், அலுமினியப் பையும் 2010-லயே ஜெயிக்கப்பட்டுச்சு. சுபாக்ஸோன் ஃபிலிமைத் தயாரிச்சுக் கொடுத்தது மோனோசால் ஆர்எக்ஸ் கம்பெனி, இப்போ அதுக்குப் பேர் அக்வெஸ்டிவ். ரிலுஸோல் ஃபிலிமை 2019-ல் கொண்டுவந்ததும் அதே அக்வெஸ்டிவ்தான். அதே கை, அதே வித்தை. ஒன்பது வருஷ இடைவெளி. டோஸ் பெருசுங்கறதுக்கு நாலஞ்சு வருஷம் கழிச்சுக்கங்க. மீதி?

காய வச்சதுக்குக் கேஸ்

இப்போ நம்ம ஊர்ப் பக்கம். சுபாக்ஸோன் ஃபிலிமுக்கு முதல் ஜெனரிக் அனுமதி 2018 ஜூன்ல வந்தது. வாங்கினது ரெண்டு கம்பெனி. மைலன், அப்புறம் நம்ம ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ். உடனே கோர்ட் தடை. அது நீங்கி டாக்டர் ரெட்டீஸ் முழுசா விக்க ஆரம்பிச்சது 2019-ல்.

அந்தச் சண்டையில பெரிய கேள்வி என்ன தெரியுமா? வத்தலை எப்படிக் காய வச்சே! மோனோசாலோட பேட்டன்ட், மேல இருந்து மட்டும் காத்தடிச்சுக் காய வைக்குற பழைய முறை சரியில்ல, அலை அலையா வருது, எங்க முறைதான் சீரா வரும்னு விலாவாரியா எழுதியிருந்துச்சு. கோர்ட் அதையே திருப்பிப் பிடிச்சுக்கிச்சு: "மேல இருந்து மட்டும் காய வைக்குறது உங்க கண்டுபிடிப்பு இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ அப்படிக் காய வைக்குறவங்க உங்க பேட்டன்டை மீறல." டாக்டர் ரெட்டீஸ் மேல் முறையீட்டிலயும், 2019 ஜூலையில, அந்தப் பாயின்ட்ல ஜெயிச்சாங்க.

மொட்டை மாடியில உக்காந்து காக்கா விரட்டுற ஆயாக்கள் இதைக் கேட்டா கைகொட்டிச் சிரிப்பாங்க. ஆனா இதுல நமக்கு ஒரு சேதி இருக்கு. உலகத்துலயே கெடுபிடியான மார்க்கெட்டுக்கு, கஷ்டமான ஒரு ஃபிலிமை நம்ம நாட்டுக் கம்பெனி செஞ்சு, அனுமதியும் வாங்கி, கோர்ட்லயும் ஜெயிச்சிருக்கு. "நமக்கு டெக்னாலஜி இல்ல"ங்கற சாக்கு இனிமே செல்லாது.

அப்போ நம்ம ஊர்ல வாயில கரையுற ஃபிலிம்னு தேடினா என்ன வருது? தூக்கத்துக்கு மெலட்டோனின், முடிக்கு பயோட்டின், பி12 வைட்டமின். இன்ஸ்டாகிராம்ல அழகான பொண்ணு நாக்கை நீட்டுற விளம்பரம். மறுபடியும் பாக்கெட்பேக்ஸ் வரிசைதான். மாத்திரையை நல்லா முழுங்கத் தெரிஞ்ச, கையில காசு இருக்குற ஆளுக்கு முதல் பந்தி.

இன்னொரு பக்கம், நம்ம பார்மசி காலேஜ்கள்ல எம்.பார்ம் ஆய்வேட்டுக்கு இது ரொம்பப் பிரபலமான தலைப்பு. பெட்ரி தட்டுல ஊத்தி, அவன்ல காய வச்சு, எத்தனை தடவை மடிச்சா உடையுது, எத்தனை செகண்ட்ல கரையுதுன்னு அளந்து எழுதுறாங்க. நல்ல வேலைதான், கிண்டல் பண்ணல. ஆனா பெட்ரி தட்டுல வர்றது நூறு மீட்டர் ரோல்ல வராது. எங்க தொழில்ல இதுக்குப் பேர் "என் மெஷின்ல ஓடுதே" :-) அதோட, எந்த மருந்தை எடுக்குறோம்ங்கற கேள்வி, எது சுலபமாக் கரையும்ங்கறதோட நின்னுடக்கூடாது. பக்கவாத வார்டுல, முதியோர் இல்லத்துல, குழந்தைகள் வலிப்பு க்ளினிக்ல எதைப் பொடிச்சுக் கொடுக்குறாங்கன்னு போய்ப் பாத்துட்டு வந்து பட்டியல் போட்டா, தலைப்பு தானா கிடைக்கும்.

"ஏன்யா, வாயில கரையுற மாத்திரைதான் ஏற்கெனவே இருக்கே"ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. வாந்திக்குக் குழந்தைங்களுக்குக் கொடுக்குற ஓண்டன்செட்ரான் அட்டையில எம்.டி.ன்னு போட்டிருக்கும். டாக்டர் பட்டம் இல்ல, வாயில கரையும்னு அர்த்தம். ஃபிலிமை விட செய்யறது சுலபம், விலையும் மலிவு, கூடுதல் எடையும் தாங்கும். அது போதும்னா அதுவே போதும், ஃபிலிம் வேண்டாம். புதுசுங்கறதுக்காகப் புதுசு வேண்டாம்னுதான் நானும் சொல்றேன்.

அதனால, இனிமே யாராவது "புது வடிவத்துல மருந்து"ன்னு வந்தா நான் மூணே மூணு கேள்விதான் கேப்பேன்.

1. பழைய வடிவத்தை எடுத்துக்க முடியாத எந்த மனுஷனுக்கு இது உதவுது?
2. வேகமா கரையுதா, வேகமா வேலை செய்யுதா? ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லி ஏமாத்தலையே?
3. மலிவான பழைய வடிவம் கடையிலயே இருக்குமா, இல்ல இது வந்ததும் காணாமப் போயிடுமா?

மூணுக்கும் நேர்மையான பதில் இருந்தா, அந்த ஃபார்முலேஷன் ஆளுக்கு ஒரு பெரிய கும்பிடு. 70 மில்லிகிராமுக்குள்ள பாலிமர், மருந்து, கசப்பு, ஈரப்பதம், குழந்தை, கிழவர்னு இத்தனை பேரையும் சமாதானமாக் குடியேத்துறது சாதாரண வித்தை இல்ல. அந்த வித்தையை முதல்ல யாருக்குச் செலவழிக்கிறோம்ங்கறதுலதான் எனக்குச் சண்டை. மருந்துக் கம்பெனி தர்மச் சத்திரம் இல்ல, ஒத்துக்குறேன். அரிய நோய்க்கு லாபம் கம்மின்னா, அங்கதான் அரசாங்க ஆராய்ச்சிப் பணம் போகணும். வாய் மணக்குறதுக்கு மார்க்கெட்டே பாத்துக்கும்.

பார்மசி படிச்ச, படிக்குற பதிவர்கள் இருந்தா பின்னூட்டத்துக்கு வாங்க. என் 21 மி.கி. கணக்குல ஓட்டை இருந்தா தாராளமா அடிச்சுத் துவைங்க. அதைவிட முக்கியமா, நம்ம ஊருக்கு ஃபிலிமா வரவேண்டிய முதல் மருந்து எதுன்னு ஒரு பேர் சொல்லிட்டுப் போங்க. என் ஓட்டு ஆம்லோடிபினுக்கு. உங்களுது?